டோட்டல் லாஸ் வண்டின்னு ஆர்சில ஒரு வரி போட்டா என்ன?

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல வார வரி விளம்பரத்துல செகண்ட்ஹேண்ட் கார் பகுதிய நான் ரெண்டு தடவ படிக்கிற ஆளு. "சிங்கிள் ஓனர், டிஎன் 72, நல்ல கண்டிஷன், இன்சூரன்ஸ் கரண்ட்"னு வரிசையா இருக்கும். ஆனா இந்த வண்டி 2023 டிசம்பர் வெள்ளத்துல முங்குனதுன்னோ, லாரில மோதி இன்சூரன்ஸ்காரங்க டோட்டல் லாஸ்னு தள்ளுனதுன்னோ ஒரு விளம்பரத்துல கூட நான் பாத்ததில்ல. அதப் பத்திதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எனக்கு வேலை ஒரு உரக்கடையில கணக்கு எழுதுதது. லீவு நாள்னா வீட்டுக்குப் பின்னால தகர ஷெட்டுலதான் கிடப்பேன். டோட்டல் லாஸ் ஆன வண்டிய வாங்கிப் போட்டு, பைய பைய ஒக்கிட்டு ரோட்டுல ஓட வைக்கிறது என் பழக்கம், பன்னெண்டு வருஷத்துல ஏழு வண்டி முடிச்சிருக்கேன். இதுல லாபம்னு சொல்ல ஒண்ணும் இல்ல, ஒரு வண்டி முடிய எட்டு மாசம், பத்து மாசம் ஆகும், செத்துப்போச்சுன்னு எல்லாரும் கைவிட்ட இன்ஜின் மொத தடவ ஸ்டார்ட் ஆகி பத்து நிமிஷம் ஒரே சீரா ஓடுது பாருங்க, அந்த சத்தத்துக்காகத்தான் இவ்வளவும்.

நான் இதுக்குள்ள வந்ததே ஏமாந்து போய்த்தான். கல்யாணமான புதுசுல ஒரு புரோக்கர்ட்ட மாருதி 800 ஒண்ணு வாங்குனேன். பெயிண்ட் பளபளன்னு இருந்துச்சு, ஆர்சில ஒரு குறையும் இல்ல. வீட்டம்மாவையும் கைப்பிள்ளையையும் கூட்டிட்டு பாபநாசம் போயிட்டு வந்தோம், குற்றாலம் போயிட்டு வந்தோம். மூவாயிரம் கிலோமீட்டர்ல முன் டயர் ஒரு பக்கமா தேஞ்சு நூல் தெரிஞ்சுட்டு. அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுபோனா அந்த அண்ணாச்சி வண்டிய மேல தூக்கிப் பாத்தாரு, டேப்ப எடுத்து மூலைக்கு மூலை அளந்தாரு, ஒண்ணும் பேசாம உள்ள வந்து சீட்டுக்கு அடியில இருந்த மேட்டை உரிச்சு என்னையக் கூப்பிட்டுக் காட்டுனாரு. இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒரே வெல்டிங் தழும்பு, மேல தார் பூசி மறைச்சிருக்கு. முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி வேற வண்டி, ரெண்டையும் வெட்டி ஒட்டியிருக்காங்க. என் பிள்ளை உக்காந்திருந்த இடத்துக்கு நேர் கீழதான் அந்தத் தழும்பு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அந்த வண்டிய நான் யாருக்கும் விக்கல, காயலான் கடையில எடைக்குப் போட்டேன், போடும்போது சேஸ் நம்பர் இருந்த தகட்ட வெட்டி எடுத்துட்டுத்தான் குடுத்தேன். நல்லா ஒக்கிடுதது எப்படின்னு கத்துக்கணும்னு வெறி வந்தது அதுக்குப் பொறவுதான்.

டோட்டல் லாஸ்னா என்னன்னு பல பேருக்குத் தெரியாது. இன்சூரன்ஸ்ல வண்டியோட மதிப்புக்கு ஐடிவின்னு ஒரு தொகை போட்ருப்பாங்கல்ல, ரிப்பேர் செலவு அதுல 75 சதவீதத்தத் தாண்டிட்டுன்னா வண்டிய டோட்டல் லாஸ்னு முடிச்சிருவாங்க. ஐடிவி 2 லட்சம்னா இன்சூரன்ஸ் சர்வேயர் போடுத ரிப்பேர் எஸ்டிமேட் ஒன்றரை லட்சத்தத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. புது வண்டிக்கு ஐடிவி நிறைய இருக்கும், நாலு வருஷம் தாண்டுனா பாதியா குறைஞ்சிரும், ஆனா பம்பர், ஹெட்லைட், ரேடியேட்டர் விலை குறையாது, அதனால பழைய வண்டி கொஞ்சம் பலமா இடிச்சாலே டோட்டல் லாஸ் ஆயிரும். சேசே, அதாவது அடிச்சட்டமே முறுக்கிப் போன வண்டிக்கும் இதே பேர்தான், மூஞ்சி மட்டும் நசுங்குன வண்டிக்கும் இதே பேர்தான். ரெண்டாவது வகைய நிதானமா செஞ்சா நல்லா எடுத்துரலாம், நான் வாங்குறது எல்லாம் அந்த வகைதான்.

கிளெய்ம் முடிஞ்சதும் அந்த வண்டி ஏலத்துல போவும். அதுக்குன்னே வாங்குற ஆளுங்க இருக்காங்க. ஃபார்ம் 29, ஃபார்ம் 30 போட்டு, பேங்க் கடன் இருந்தா ஃபார்ம் 35 போட்டு, பேர் மாறி வந்துரும். அதுக்குப் பொறவு ஆர்சிய எந்தப் பக்கம் திருப்பிப் பாத்தாலும் ஓனர் மாறுனதுதான் தெரியும், டோட்டல் லாஸ் ஆச்சுங்கிறது எங்கயும் இருக்காது. கெட்டவன் ஒளிஞ்சுக்கிற இடம் இதுதான். சில பேரு நொறுங்குன வண்டிய ஆர்சிக்காக மட்டும் வாங்குதாங்க, அதே மாடல்ல திருட்டு வண்டி ஒண்ணப் பிடிச்சு அதுல இந்த சேஸ் நம்பரப் போட்டு விட்டுருதாங்க. திரும்ப ஓடவே முடியாம போன வண்டின்னா 14 நாளைக்குள்ள ஆர்டிஓ ஆபிஸ்ல சொல்லி ஆர்சியக் குடுத்துரணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவு 1988லயே சொல்லிட்டு. சட்டம் இருக்கு, ஆனா எத்தனை பேரு அதச் செய்யுதாங்க?

இப்ப வெள்ளத்துக்கு வாரேன். காயல்பட்டினத்துல டிசம்பர் 18 காலையோட முடிஞ்ச ஒரு நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. (காயல்காரங்க வச்ச கடைங்கிறதாலதான் காயலான் கடைன்னு பேரே வந்துச்சுன்னு எங்க தாத்தா சொல்வாரு, அந்த ஊருக்கே இப்படி ஒரு மழை.) இங்க தாமிரபரணி பெருகி வந்து ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை, சிந்துபூந்துறை எல்லாம் தண்ணி, வீட்டு வாசல்ல நின்ன வண்டி பூரா முங்கிட்டு. அதுக்கு அடுத்த வருஷம் ஏலத்துல 2016 வேகன் ஆர் ஒண்ணு வாங்குனேன். அந்த வண்டிக்காரர்ட்ட நேராவே போய்க் கேட்டேன். தண்ணி ஏறுதேன்னு ராத்திரி வண்டிய எடுத்து மேட்டுக்குக் கொண்டுபோகப் பாத்திருக்காரு, தெரு முனையிலயே நின்னுட்டு, பொறவு ரெண்டு நாள் அங்கனயே தண்ணிக்குள்ள கிடந்திருக்கு.

ஓடிட்டு இருக்கும்போது தண்ணிய உறிஞ்சி நின்ன இன்ஜின்னா நான் சாவியத் தொடவே மாட்டேன். காத்த அமுக்கலாம், தண்ணிய அமுக்க முடியாது, பிஸ்டன் மேல போய் தண்ணில முட்டுனா பிஸ்டனத் தாங்குற கனெக்டிங் ராடு வளைஞ்சிரும். மூணு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி, ஸ்பேனரப் போட்டு கையால சுத்துனேன், ஓட்டை வழியா செம்மண் கலர்ல தண்ணி வந்துச்சு. அடியில ஆயில இறக்குனா பால் ஊத்துன காப்பி மாதிரி இருக்கு. பொறவு ஒரு சைக்கிள் கம்பிய எடுத்து ஒவ்வொரு ஓட்டையிலயும் விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது கம்பி எவ்வளவு வெளிய நிக்குன்னு ஸ்கெட்ச் பேனால கோடு போட்டேன். ஒண்ணும் ரெண்டும் ஒரே அளவு. மூணாவதுல கோடு ஒரு மூணு மில்லி கீழ. ராடு வளைஞ்சு குட்டையாயிட்டு, அவ்வளவு உறுதியாத் தெரிஞ்சுட்டு. இதப் பாக்காம ஆயில மட்டும் மாத்தி ஸ்டார்ட் பண்ணியிருந்தா வண்டி ஓடத்தான் செய்யும், அப்படியே பாலிஷ் போட்டு வித்திருக்கவும் செய்யலாம், ஆறு மாசம் கழிச்சு நாலு வழிச்சாலையில கங்கைகொண்டான் பக்கத்துல எங்கயாவது அந்த ராடு ஒடிஞ்சு பிளாக்கையே ஓட்டை போட்டுட்டு வெளிய வரும், அப்ப வண்டிக்குள்ள யாரு இருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்.

இன்ஜினாவது பரவால்ல, ஒயரிங்தான் உயிர எடுத்துட்டு. டேஷ்போர்ட மொத்தமா இறக்கி ஒவ்வொரு கனெக்டரா பிரிச்சேன், பாதிக்கு மேல பச்சக் களிம்பு. கழுவி, காய வச்சு, தேறாத பின்ன மாத்தி, முடிக்கவே நாலு மாசம். கார்ப்பெட்டையும் சீட் ஃபோமையும் தூக்கிப் போட்டுட்டேன், ஆத்து வண்டல் வாடை எத்தனை வெயில்ல போட்டாலும் போகாது. டோட்டல் லாஸ்னு ஒளிவு மறைவு இல்லாம வாங்குனதால இவ்வளவும் எனக்குப் பாக்கத் தோணுச்சு, தெரியாம வாங்குறவரு எதுக்குங்க டேஷ்போர்ட இறக்கிப் பாக்கப் போறாரு?

செகண்ட்ஹேண்ட் வாங்குத நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒண்ணு சொல்லுதேன். சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. வெள்ளத்துல கிடந்த வண்டின்னா உள்ள சுருண்டு கிடந்த பாகத்துல மண்ணு கோடு போட்ருக்கும், அதக் கழுவ யாருக்கும் ஞாபகம் வராது. ஸ்டெப்னி வைக்கிற குழிய மேட்டத் தூக்கிப் பாருங்க. 2019 ஜூலைக்குப் பொறவு செஞ்ச கார்னா டிரைவர் பக்கம் ஏர்பேக் கட்டாயம் இருக்கணும், சாவி போட்டதும் ஏர்பேக் லைட்டு கொஞ்ச நேரம் எரிஞ்சு அணையணும். எரியவே இல்லன்னா எவனோ கைய வச்சிருக்கான். வெடிச்சுப்போன ஏர்பேக்குக்குப் பதிலா வெறும் மூடிய ஒட்டி விக்கிறதும் நடக்கு, அத நான் கண்ணால பாத்திருக்கேன், அதைச் செஞ்சவன மன்னிக்கவே கூடாது.

என் சித்தப்பா மவன் டெக்சாஸ்ல ஹூஸ்டன்ல இருக்கான். அங்க 2017ல ஹார்வி புயல் வந்து எக்கச்சக்க வண்டி முங்குச்சு. அங்க டோட்டல் லாஸ் ஆச்சுன்னா வண்டியோட டைட்டில்லயே, அதாவது நம்ம ஆர்சி மாதிரி பேப்பர்லயே சால்வேஜ்னு போட்ருவாங்களாம், ஒக்கிட்டு முடிச்சு அதுக்குண்டான பேப்பர் எல்லாம் குடுத்தாத்தான் ரோட்டுக்கு வர முடியும், அப்பவும் ரீபில்ட், அதாவது ஒக்கிட்ட வண்டின்னு பேர் நிக்கும், அழியாது. ஸ்டேட்டுக்கு ஸ்டேட் ரூல் மாறும், ஆனா இந்தக் குறிப்பு எல்லாத்தையும் நாடு பூரா சேத்து வைக்க 1992லயே சட்டம் போட்டுட்டாங்க. என்ன மாதிரி லீவு நாள்ல வண்டி ஒக்கிடுத ஆளுங்க அங்க நிறைய பேரு, அவங்கள யாரும் திருடனாப் பாக்கலையாம், ஏன்னா எல்லாம் டைட்டில்லயே எழுதியிருக்கு.

இங்க நான் ஷெட்டுல ஒரு நொறுங்குன வண்டிய இறக்குனா தெருவுல ஒரு மாதிரி பாக்குதாங்க. அவங்கள நான் குத்தம் சொல்லல. நானும் அந்த மாருதி 800ல ஏமாந்தவன்தான். நல்லா செய்யுதவனையும் வெட்டி ஒட்டுதவனையும் பிரிச்சுக் காட்ட பேப்பர்ல ஒண்ணுமே இல்லன்னா சனங்க என்னதான் செய்வாங்க.

அதனால நான் கேக்குறது, டோட்டல் லாஸ் கிளெய்ம் குடுத்த அன்னைக்கே இன்சூரன்ஸ்காரங்க அதக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும், ஆர்சில ஒரு வரியா அது வரணும். ஒக்கிட்டு முடிச்ச பொறவு வண்டிய ஆர்டிஓ ஆபிஸுக்குக் கொண்டுபோய் சேஸ் நம்பரு, பிரேக்கு, சேசு எல்லாத்தையும் காட்டி சரின்னு ஒரு குறிப்பு வாங்குனாத்தான் ரோட்டுக்கு விடணும். இப்படி வந்தா என் வண்டிக்கு விலை குறையும், எனக்கு அது நல்லாத் தெரியும், குறையட்டும். நான் முடிச்ச ஏழுல அஞ்ச வித்திருக்கேன், எல்லாத்துக்கும் போட்டோ, பில்லு ஃபைல் போட்டுக் கையில குடுத்துத்தான் வித்தேன்.

இதெல்லாம் சட்டமா வர நாளாகும். அதுவரைக்கும் உங்க கையில ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. கார் விளம்பரம் குடுக்க வாரவங்கள்ட்ட டோட்டல் லாஸ் ஆன வண்டியா இல்லையான்னு கேட்டு, பதில விளம்பரத்துலயே ஒரு வார்த்தையாப் போடுங்க. சொல்ல மாட்டேன்னாங்கன்னா "சொல்லவில்லை"ன்னே போடுங்க. என் வண்டியவே முதல்ல போட்டுக்கோங்க, இதோ எழுதியே குடுத்துட்டேன், அதுக்கான துட்டையும் கட்டிருதேன்:

"2016 வேகன் ஆர், பெட்ரோல், டிஎன் 72. 2023 டிசம்பர் வெள்ளத்துல முங்குனது, இன்சூரன்ஸ் டோட்டல் லாஸ். மூணாவது சிலிண்டர் ராடு, பேரிங், கார்ப்பெட், சீட் மாத்துனது, ஒயரிங் பூரா பிரிச்சு செஞ்சது. போட்டோ, பில்லு இருக்கு. மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்து பாக்கலாம்."

இப்படிக்கு,
உங்க வாசகன்,
கேடிசி நகர், திருநெல்வேலி.