உத்தேச வயதுக்காரியின் நன்றி மடல்

மட்டக்குளியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தும் அக்காமாருக்கும், எனக்காக அலைந்த மற்ற எல்லோருக்கும்,

பெறுபேறு வந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். அன்று கை ஓடவில்லை. 2024 மே மாதம் எழுதிய சாதாரண தரப் பரீட்சையில் (ஓ/எல்) ஆறு பாடமும் சித்தி. மூன்றில் சி (திறமைச் சித்தி), கணிதத்தில் எஸ், வெறும் சாதாரண சித்தி. மன்னிக்கவும் கணித மிஸ், கேத்திரகணிதம் கடைசி வரை எனக்கு ஏறவேயில்லை.

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து) 2001 இல் வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்தபோது, அம்மாவின் கணக்குப்படி எனக்கு 13 வயது. 14 வயது வரை பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1998 இலேயே வந்துவிட்டது. இப்போது அது 16. அந்த வீட்டுப் பிள்ளைகளின் சப்பாத்துக்கு வெள்ளை பூசி அனுப்பிவிட்டு நான் உள்ளே போய்க் கூட்டுவேன். நீ ஏன் போகவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை.

கல்யாணமாகி வந்த இந்தத் தோட்டத்துக்கு (தேயிலைத் தோட்டமில்லை, கொழும்பார் சொல்கிற தோட்டம், சந்துக்குள் சந்து) என்ஜிஓக்காரர் புதிதில்லை. பேனர் கட்டிப் புத்தகப் பை கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். பை நல்ல பைதான். ஆனால் நீங்கள் வந்து கேட்ட முதல் கேள்வி, "அடையாள அட்டை இருக்கா?" என்பது.

இல்லை. பிறப்பைப் பதியவே இல்லை. அட்டை இல்லாமல் பரீட்சை மண்டபத்துக்குள் எப்படிப் போவது? பிறப்பைப் பதியாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று இருப்பதே உங்களால்தான் தெரிந்தது. கிராம சேவகர், பிரதேச செயலகம், அப்புறம் பத்தரமுல்லையில் பதிவுத் திணைக்களம். படிவமெல்லாம் சிங்களத்தில். உங்களில் ஒரு சிங்கள அக்கா வேலைக்கு லீவு போட்டு, "நங்கி (தங்கச்சி), வா" என்று ஐந்து தடவை கூட்டிப் போனார். பஸ் காசையும் கொடுக்கவிடவில்லை. என் வயதை அரசாங்கம் உத்தேசமாகத்தான் ஒத்துக்கொண்டது. சரி, அதுவாவது கிடைத்ததே.

வகுப்பு தொடங்கியது 2022 இல், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம். கொப்பி விலையைக் கேட்டாலே பயம். கோட்டையில் நான் துப்புரவு செய்கிற அலுவலகத்து மேற்பார்வையாளர், ஒரு பக்கம் அச்சான தாள்களை எறியாமல் எனக்காகக் கட்டி வைத்தார். எங்கள் கணக்கெல்லாம் யாருடையதோ பழைய பில்லின் பின்பக்கத்தில்தான். ஐயா, உங்களுக்கும் நன்றி.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரியது அந்தப் பாய். வகுப்பறைக்கு வெளியே விரித்து, எங்கள் பிள்ளைகளை ஒருவர் பார்த்துக்கொண்டாரே, அது. பாடம் சொல்லித்தர ஆள் கிடைப்பார்கள். மூன்று மணி நேரம் கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்க யார் கிடைப்பார்? அந்தப் பாய் இல்லாவிட்டால் நானும், எனக்குப் பக்கத்தில் இருந்த முஸ்லிம் தங்கச்சியும் இரண்டாவது வாரமே நின்றிருப்போம். உங்கள் அறிக்கைகளில் இதை ஒரு வரியாக எழுதுவீர்களோ தெரியாது. எழுதுங்கள்.

அடுத்த மாதத்திலிருந்து பாயில் உட்காருவது என் முறை. கிலுகிலுப்பை, பழைய பொம்மை ஏதாவது வீட்டில் கிடந்தால் கொடுத்துவிடுங்கள். இருந்த ஒரே லொறியை என் மகனே உடைத்துவிட்டான்.