தப்பு காய வச்ச வருஷம்: எங்க சங்கத்தோட ஆண்டறிக்கை

தலைவர் சேருக்கும், மெடம்மாருக்கும், பேராதனை கெம்பஸ் புள்ளைங்களுக்கும், இந்த மழையிலயும் மேல தோட்டத்துல இருந்து எறங்கி வந்திருக்கிற பெரியவங்களுக்கும் வணக்கம். போன வருஷம் அறிக்கைய ரொம்ப இழுத்துட்டேன்னு சொன்னாங்க. இந்த வருஷமும் அப்பிடித்தான் வரும் போல, ப்ளேன்டீ வர்ற வரைக்கும் பொறுத்துக்கோங்க.

மாசக் கூட்டம் ஒழுங்கா நடந்துச்சு, ரெண்டு தடவ மட்டும் எக்ஸாமால தள்ளிப் போச்சு. கணக்க பொருளாளர் வாசிப்பாரு, அதுல நான் கைய வைக்கல.

கூத்துக் கதைக்கு வர்றேன். 1956ல சரச்சந்திர 'மனமே' சிங்கள நாடகத்த போட்டது, அதுக்கு எடுத்த நாடகமங்கிற சிங்களக் கூத்துப் பாணியே தமிழ்க் கூத்து வழியா போனதுன்னு ஆய்வாளருங்க சொல்றது, அப்புறம் 1960கள்ல பேராசிரியர் வித்தியானந்தன் இதே பேராதனையில கெம்பஸ் புள்ளைங்கள வச்சு மட்டக்களப்புக் கூத்த மேடைக்குக் கொண்டாந்தது, இதெல்லாம் நம்ம புள்ளைங்க நோட்ஸ்ல மனப்பாடமா வச்சிருக்காங்க. சரி, பக்கத்து மலையில ஆடுற, சிவன் காமன எரிச்சு ரதி புலம்புற கதையான காமன் கூத்த ஒரு ராத்திரி முழுசா உக்காந்து பாத்தவங்க கை தூக்குங்கன்னா மூணே மூணு கை. அதுல ஒண்ணு என்னோடது, நான் லயத்துல, தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டுல பொறந்தவன், அத கணக்குல சேக்கக் கூடாது.

அதனால கூத்து மாஸ்டர கூப்பிட்டு இங்கயே ஒரு நிகழ்ச்சி வைப்போம்னு முடிவாச்சு. நேரம் நாப்பது நிமிஷம். இத நான் ஃபோன்ல சொன்னதும் மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "தம்பி, நாப்பது நிமிசத்துல காமன எரிக்கணுமா, ரதிய அழ வைக்கணுமா, ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க" னாரு. மாசியில மூணாம் பிறைக்கு கம்பம் நட்டு, காப்பு கட்டி, பௌர்ணமிய ஒட்டி தகனம் வரைக்கும் விரதம் இருந்து ஆடுற விஷயத்த நாங்க லெக்சர் நேரத்துக்குள்ள அடைக்கப் பாத்தோம். கடைசியில ரதி புலம்பல் மட்டும்னு ஒத்துக்கிட்டாங்க.

சித்திரையில வச்சது எங்க தப்பு. அந்த மாசம் மத்தியானம் ஆனா இடி மழைதான்னு தெரியாதவங்க மலையில யாரு இருக்கா. லொறியில வந்த தப்பு மேளம் மூணும் ஈரம் குடிச்சு தொப்பு தொப்புன்னு சத்தம் வருது. காய வைக்கணும், ஆனா ஹோலுக்குள்ள நெருப்பு மூட்டக் கூடாதுன்னு நாங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்லயே இருக்கு. பின் பக்கம் தகரத்துக்குக் கீழ பழைய பேப்பர போட்டு மூட்டினோம். செக்யூரிட்டி ஐயா ஓடி வந்து சிங்களத்துல சத்தம் போட்டாரு, மாஸ்டர் ஒண்ணும் பேசாம தப்ப நெருப்புக்கு மேல திருப்பித் திருப்பிக் காட்டி விரலால தட்டிக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. மூணாவது தட்டுல ணங்குன்னுச்சு பாருங்க, செக்யூரிட்டி ஐயா அப்பிடியே நின்னுட்டாரு. அவரோட அப்பா பெரஹர ஊர்வலத்துக்கு மேளம் அடிச்சவராம். அதுக்கப்புறம் நெருப்புக்கு மேல குடைய புடிச்சிக்கிட்டு நின்னது அவருதான்.

உள்ள ரதி வேஷம் கட்டின அண்ணே அழ ஆரம்பிச்ச நேரத்துல நேரம் முடிஞ்சுதுன்னு லைட்ட அணைச்சுட்டாங்க. ஹோல் குடுத்தவங்க பேர எழுதல, எழுதினா அடுத்த வருஷம் கெடைக்காது. ஃபோன் வெளிச்சத்துல மிச்சத்த ஆடி முடிச்சாங்க. நல்லா இருந்துச்சுன்னு எல்லாரும் சொல்றீங்க, எனக்கு வெக்கமாத்தான் இருந்துச்சு.

அடுத்தது பாட்டு சேக்கிற வேலை. 1947ல தலவாக்கலையில இருந்து பாராளுமன்றம் போன ஸி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாட்டுங்கள சேத்து வச்சதாலதான் இன்னைக்கு கொஞ்சமாவது கையில இருக்கு, அந்த வழியில நம்ம புள்ளைங்க ரெண்டு பேரு ஆய்வுக்காக ஒப்பாரி ரெக்கோர்ட் பண்ணப் போனாங்க. பாட இருந்த அப்பாயி, வயசு எண்பதுக்கு மேல, இஸ்தோப்புத் திண்ணையில உக்காந்து கேட்டுச்சாம், "யாரு செத்தா?" யாரும் சாகலன்னதும், அப்ப காம்பரா அறைக்குள்ள பாட முடியாது, வெளக்கு வச்ச வீடுன்னு எந்திரிச்சு கம்பளிய போத்திக்கிட்டு தேயிலைக்குள்ள கூட்டிட்டுப் போயி பாடியிருக்கு. ரெக்கோர்டிங்ல காத்துச் சத்தமும் ஒரு நாய் கொரைக்கிறதும் கூட இருக்கு, அத வெட்டலாமான்னு கேட்டாங்க, வேணாம்னேன்.

மூணு மாசம் கழிச்சு பதிவ சிப்ல போட்டு குடுக்கப் போனோம். பேரன் ஃபோன்ல போடப் போக, அப்பாயி கைய தட்டி விட்டுச்சு, லயத்துக்குள்ள போடாதன்னு. சரின்னு எல்லாரும் ரோட்டுல போக்குக்கிட்ட, அந்தச் சின்னப் பாலத்துக்கிட்ட நின்னு கேட்டோம். தான் பாடினத தானே கேட்டுட்டு, நடுவுல ஒரு அடி மாறிப் போச்சு, திரும்பப் பாடுறேன்னுச்சு. ஆய்வ அதுக்குள்ள குடுத்தாச்சு. அந்த மாறின அடி அதுல அப்பிடியே இருக்கு.

அதனாலதான் கொமிட்டியில ஒரு தீர்மானம் வந்துச்சு: பாடினவங்களுக்கு பதிவ மொதல்ல போட்டுக் காட்டிட்டுத்தான் ஆய்வுல சேக்கணும். டைம் பத்தாதுன்னு ஒரு பக்கம், இல்லன்னா எதுக்கு ஆய்வுன்னு ஒரு பக்கம், காமன் எரிஞ்சானா இல்லயான்னு லாவணிப் பாட்டுல வாதாடுற எரிஞ்ச கட்சி எரியாத கட்சி மாதிரி ரெண்டு மணி நேரம் போச்சு. ரெண்டு ஓட்டு வித்தியாசத்துல நிறைவேறிச்சு.

ஆடி மாசம் சொகரிங்கிற சிங்கள நாட்டுக்கூத்து பத்தி நம்ம சிங்கள அங்கத்தவர் ஒருத்தர் பேசினாரு. கண்டிப் பக்கத்துக் கமத்துல, நெல்லு அடிக்கிற களத்துலயே ஆடுறது. சொகரியும் குருஹாமியும் இந்தியாவுல இருந்து கடல் தாண்டி வர்றாங்க, கூட வர்ற வேலக்காரன் பேரு பச்சமீரா. நம்ம பெரியவர் ஒருத்தர் "அப்ப அவங்களும் நம்மள மாதிரி தோணியில வந்தவங்களா" ன்னு கேட்டதும் ஹோலே சிரிச்சுச்சு. எனக்கு இந்த வருஷத்துல புடிச்ச பேச்சு அதுதான், வந்தது இருவது பேரு கூட இல்ல.

ஃபொட்டோ கண்காட்சி நடந்துச்சு. கவிதைப் பட்டறைக்கு ஆள் சேரல, விட்டுட்டோம்.

வர்ற மாசிக்கு கூத்த இங்க கூப்பிடல. கம்பம் நடுற அன்னைக்கும் தகனத்தன்னைக்கும் நாம மேல போறோம், மாஸ்டர் சரின்னுட்டாரு, தோட்டத்துத் தலைவர்கிட்டயும் பேசியாச்சு. பஸ்ஸுக்கு பேரு குடுக்கிறவங்க இன்னைக்கே குடுத்துருங்க. தகன ராத்திரி குளிரு எலும்புக்குள்ள எறங்கும், ஸ்வெட்டரும் தொப்பியும் எடுத்துக்கோங்க, பத்து மணிக்குத் திரும்பிரலாமான்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க.

செயலாளர்