பெட்டியில் வயதை மட்டும் அச்சிடாதீர்கள்

பிபி துப்பாக்கி தயாரிக்கிற, விற்கிற நிறுவனத்தாருக்கு,

வணக்கம். காற்றழுத்தத்தாலோ வில்லாலோ சிறு உலோகக் குண்டைச் சுடும் உங்கள் பிபி துப்பாக்கிகளின் பெட்டிகளில் "10 வயது முதல்", "16 வயது முதல்" என்று ஓர் எண் இருக்கிறது. பிறந்தநாள் பரிசு வாங்க வரும் அப்பாவோ மாமாவோ முதலில் தேடுவது அதைத்தான். பிள்ளைக்குப் பத்து முடிந்துவிட்டதா, சரி, வாங்கிவிடலாம். அதற்கு மேல் யோசிப்பவர்கள் குறைவு. சிறுவர்களுக்குக் குறிபார்த்துச் சுடக் கற்றுத்தருகிறவன் நான். அந்த எண்ணை நம்பிப் பெற்றோர் எவ்வளவு தைரியமாக இருந்துவிடுகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

விற்கவே கூடாது என்று நான் கேட்கவில்லை. முறையாகக் கற்றால் இது அருமையான விளையாட்டு. மூச்சை நிதானமாக விட்டு, உடம்பை அடக்கி, விசையை அவசரமில்லாமல் அழுத்தப் பழகும் குழந்தையிடம் ஒரு பொறுமை வந்து சேர்வதை நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் 8 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 5 மீட்டர் தூரத்தில் தேசிய அளவிலேயே பிபி போட்டி நடக்கிறது. படுத்து, உட்கார்ந்து, மண்டியிட்டு, நின்று என்று நான்கு நிலைகளில் சுட வேண்டும். பாதுகாப்பு விதிகளில் எழுத்துத் தேர்வும் உண்டு. எட்டு வயதுக் குழந்தை அங்கே பத்திரமாகச் சுடுகிறது என்றால், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பயிற்சியாளர் நிற்கிறார், எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், உத்தரவு வராமல் யாரும் துப்பாக்கியைத் தொடுவதில்லை. அதே குழந்தை வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும்போது இதில் ஒன்றுகூட இல்லை.

வேகத்தைப் பற்றிப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். லீவரை, அதாவது நெம்புகோல் போன்ற பிடியை, இழுத்து மூடிச் சுடும் சாதாரணத் துப்பாக்கியின் குண்டே விநாடிக்குச் சுமார் 350 அடி, அதாவது நூறு மீட்டருக்கும் மேல் பாய்கிறது. கண்ணைத் துளைக்க அதில் பாதி வேகமே போதும். 350 அடியைத் தாண்டும் ரகங்களை 16 வயதுக்குக் குறைந்தவர்கள் தொடவே வேண்டாம் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. உங்கள் பெட்டிகளில் இந்த வேகம் பெரிய எழுத்தில், பெருமைக்குரிய விஷயமாகத்தான் வருகிறது. அதே அளவு எழுத்தில் அது கண்ணை என்ன செய்யும் என்பதையும் போடலாமே.

அப்புறம், குண்டு எஃகு. மரம், சுவர், இரும்புத் தகடு எதில் பட்டாலும் சுட்டவர் பக்கமே திரும்பி வரக்கூடியது. செய்தித்தாள் திணித்த அட்டைப்பெட்டியைப் பின்னால் வைத்துச் சுட்டால் குண்டு அதிலேயே தங்கிவிடும். காலி டப்பாவைச் சுவர்மேல் அடுக்கிச் சுடுகிற பழக்கத்தில் சுடுபவருக்கும் ஆபத்து, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற தம்பிக்கும் ஆபத்து. கண்ணாடி அந்தத் தம்பிக்கும் வேண்டும்.

குழந்தை தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் செய்வது இது. குண்டு போடாத துப்பாக்கியைக் கையில் கொடுத்து, இலக்கைப் பார்த்து நிற்கச் சொல்வேன். கொஞ்ச நேரம் கழித்து, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். பெரும்பாலான பிள்ளைகள் உடம்போடு திரும்புவார்கள். குழல்முனையும் கூடவே வளைந்து வந்து என் வயிற்றுக்கு நேரே நிற்கும். அவர்கள்மேல் தப்பில்லை, கூப்பிட்டால் திரும்புவதுதான் இயல்பு. தலையை மட்டும் திருப்பி, முனையை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு "என்ன?" என்று கேட்கிற குழந்தை வரும் வரை நான் குண்டை வெளியே எடுப்பதில்லை. சிலருக்கு இது எட்டு வயதில் வந்துவிடுகிறது. பதின்மூன்றிலும் வராதவர்கள் உண்டு.

இன்னொன்றையும் கவனிப்பேன், அது துப்பாக்கிக்கு வெளியே இருப்பது. ஒரு பொருளை உடைத்துவிட்டால் வந்து சொல்கிற குழந்தையா, மறைக்கிற குழந்தையா? குண்டு எங்கோ தவறிப் போய்விட்டது என்று உடனே வந்து சொல்லத் தெரியாத பிள்ளையிடம், எவ்வளவு நன்றாகக் குறிபார்த்தாலும், கொடுக்க எனக்கு மனம் வராது. நண்பர்கள் முன்னால் வீரம் காட்டுகிற சுபாவம் இருந்தாலும் அப்படித்தான். லீவரைத் தானே இழுத்து, விரல் நசுங்காமல் மூடும் பலம் இருக்கிறதா என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குண்டு அறையைப் பற்றி உங்களிடமே நேரடியாகப் பேச வேண்டும். சில ரகங்களில் குண்டுகள் உள்ளேயே சிக்கிக்கொண்டு, குலுக்கினாலும் சத்தம் வராமல் இருந்து, காலி என்று நம்பிய பிறகு பாய்ந்து வந்திருக்கின்றன. இதே புகாருக்காக அமெரிக்க ஆணையம் 2001இல் ஒரு தயாரிப்பாளர்மேல் வழக்கே தொடுத்தது. "காலிதான்" என்று பெரியவர்களே ஏமாறுகிற இடத்தில், ஒரு சிறுமி ஏமாற மாட்டாள் என்று எப்படி எதிர்பார்ப்பது? உள்ளே குண்டு இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளும்படி எல்லா ரகங்களையும் செய்யுங்கள்.

பிரிட்டனின் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டவர்கள் பொதுவாக 21 வயது நிரம்பிய ஒருவரின் மேற்பார்வையில்தான் காற்றுத் துப்பாக்கியைப் பயன்படுத்தலாம் என்கிறது. பிள்ளையின் வயதோடு, பக்கத்தில் நிற்கும் பெரியவரின் வயதையும் அங்கே கேட்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. எத்தனையோ வீடுகளில் பிள்ளை தயாராகத்தான் இருக்கிறது. கூட நிற்க வேண்டிய பெரியவருக்குத்தான் நேரமில்லை, சுட்டு முடித்ததும் பூட்டி வைக்க ஓர் இடம் இல்லை, குண்டுகளைத் தனியாக வைக்கும் வழக்கமும் இல்லை.

ஆகவே அடுத்த முறை பெட்டியை அச்சடிக்கும்போது, வயதுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் வாங்குபவரைக் கேளுங்கள்: ஒவ்வொரு முறையும் நீங்கள் கூட நிற்பீர்களா? பூட்டி வைக்க இடம் இருக்கிறதா? பின்னாலிருந்து கூப்பிட்டால் குழந்தை முனையைத் திருப்பாமல் இருக்கிறதா? துப்பாக்கியோடு பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் செய்த பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு வைத்துக் கொடுங்கள், ஒன்று பக்கத்தில் நிற்பவருக்கு. கடைக்காரர்களே, ஒரு கேள்விக்காவது "இல்லை" என்று பதில் வந்தால், "அடுத்த வருஷம் வாங்க" என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சிறுவர்களுக்குக் குறிபார்க்கக் கற்றுத்தரும் ஒருவன்