நகம் எங்கே என்று கேட்ட மாஷுக்கு

என் கிடார் வாத்தியாரான அன்புள்ள மாஷுக்கு,

கிடாருக்குப் பதிலாக நான் எடுத்திருக்கும் புதுக் கருவியைப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் தட்டித்தான் வாசிக்க வேண்டுமென்றால் பியானோவே படித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லி நழுவிவிட்டேன். உங்களிடம் படித்த மற்றவர்களும் இதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் இப்போது என்னைப் பார்த்தால் "சாப்டாச்சா" கிடையாது, "கிடாரை விட்டுட்டியாமா?" என்பதுதான். அதனால் பதிலை எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே எழுதுகிறேன். கோயம்புத்தூர் மில்லில் இருந்த காலத்தில் பேப்பர் வாசித்தே தமிழ் எழுத்துப் படித்தவர் நீங்கள். வாசித்துக் காட்ட ஆள் தேட வேண்டியிருக்காது.

கருவியின் பெயர் சாப்மன் ஸ்டிக். உடம்பு கிடையாது, ஒலித்துளை கிடையாது, அகலமான ஒரு கழுத்துப் பலகை மட்டும். என்னுடையதில் பத்துக் கம்பி. பெங்களூரில் ஒருவர் வாசித்துச் சலித்து விற்றதை வாங்கினேன். இதைச் செய்த எம்மெட் சாப்மன் ஜாஸ் கிடார் வாசித்தவர். வலது கையையும் இடது கையைப் போலவே ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த கட்டைகளுக்கு) இணையாகக் கொண்டுவந்து, இரு கை விரல்களாலும் கம்பியைத் தட்டி ஒலியெழுப்பும் முறை 1969-ல் அவருக்குப் பிடிபட்டது. அதற்கு ஏற்ற கருவியைச் செய்து 1974-ல் விற்கத் தொடங்கினார். தட்டி வாசித்தவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. ஜிம்மி வெப்ஸ்டர் 1952-லேயே அதற்குப் பாடப்புத்தகம் போட்டிருக்கிறார். ஆனால் இரண்டு கைக்கும் சம உரிமை கொடுத்தது சாப்மன்தான் என்பது என் கட்சி. கிங் கிரிம்சன் என்ற ராக் குழுவில் டோனி லெவின் கையில் பார்த்துத்தான் ராக் கேட்கிற பலருக்கு இது தெரிய வந்தது. சாப்மன் 2021-ல் காலமானார்.

இனி நகம். என் வலது கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு "நகம் எவிடெ?" என்று மலையாளத்துக்கு மாறினீர்களே, அப்போதே உங்கள் கோபம் புரிந்தது. கிடார் கம்பியை மீட்டுவது நகம்தான் என்று சொல்லி, கட்டை விரலுக்கு எந்தச் சாய்வு, மோதிர விரலுக்கு எவ்வளவு நீளம் என்று அரத்தாள் பிடித்துக் காட்டிக்கொடுத்தவர் நீங்கள். பாத்திரம் தேய்க்காமல், தேங்காய் உரிக்காமல் காப்பாற்றிய நகங்கள் அவை. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். ஆனால் நகத்தோடு தட்டினால் விரல் நுனி கம்பியைச் சரியாகச் சந்திக்காது, நகம்தான் பலகையில் மோதும். ஸ்டிக் வேண்டுமென்றால் நகம் போயாக வேண்டும். இரண்டையும் ஒரே கையில் வைத்துக்கொள்ள வழியில்லை.

வெட்டிய பிறகுதான் வலது கை எவ்வளவு பச்சைக் குழந்தை என்று தெரிந்தது. ஆர்பெஜியோ, ட்ரெமோலோ, அபோயாண்டோ என்று மீட்டும் முறைகள் எல்லாம் தெரிந்த கை, ஆனால் ஒரு கம்பியையும் அழுத்திப் பழகியதில்லை. விரல் நுனியில் காய்ப்பு கிடையாது, சுண்டு விரலுக்கு வேலையே இருந்ததில்லை. இடது கையோ எல்லாம் தெரிந்த மிதப்பில் முன்னால் ஓடுகிறது. சித்தூர்க்காரரான உங்களுக்குச் செண்டைத் தாயம்பகை தெரியாததா? ஒரு கையில் கோல், மறு கை வெறுங்கை. இரண்டுக்கும் வேலை வேறு, காலம் ஒன்று. கிடாரில் என் இரு கையும் சேர்ந்து ஒரே நோட்டைத்தான் செய்துகொண்டிருந்தன. ஒன்று பிடிக்க, ஒன்று மீட்ட. இங்கே ஒவ்வொரு கையும் தனித்தனியே முழு நோட்டைச் செய்ய வேண்டும்.

அதற்கான பாடத்தையும் நீங்கள்தான் நடத்தினீர்கள். லிகாடோ (மீட்டாமல் இடது கையாலேயே சுரங்களைச் சேர்த்து வாசிப்பது) வரும்போது வலது கையைத் தொடைமேல் வைக்கச் சொல்லி, இடது கை விரல்களால் மட்டும் ஸ்கேல் வாசிக்க வைப்பீர்கள். எங்களுக்கு அது தண்டனை. அந்த ஒரு பாடத்தை இரண்டு கைக்கும் விரித்தால் அதுதான் இந்தக் கருவி. ஃப்ரெட்டை ஒட்டித் தட்டு, தட்டியபின் அழுத்தாதே, சத்தம் பலத்தில் இல்லை வேகத்தில் இருக்கிறது என்றெல்லாம் நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

சுருதி வைப்பு உங்களுக்குப் பிடிக்கும். தடித்த கம்பிகள் நடுவில். அங்கிருந்து இரு பக்கமும் ஸ்தாயி ஏறிக்கொண்டே போகும். வலது கைப் பக்கத்து ஐந்து கம்பிகளும் நாலாம் சுர இடைவெளியில், கிடாரில் மூன்றாம் இரண்டாம் கம்பிகளுக்கு நடுவே வரும் அந்தக் கோணல் இல்லாமல். ஒரு வடிவம் படித்தால் எங்கே நகர்த்தினாலும் அதே வடிவம். இடது கைப் பக்கத்து ஐந்தும் ஐந்தாம் சுர இடைவெளியில். அதாவது ஒரே ஃப்ரெட்டில் பக்கத்துப் பக்கத்துக் கம்பி: ச, ப. மூன்றாவது கம்பியில் இரண்டு ஃப்ரெட் தள்ளினால் மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம். ஒரு ஃப்ரெட் மட்டும் தள்ளினால் சாதாரண காந்தாரம். செம்பை பிறந்த ஜில்லாவில் வளர்ந்தவனுக்கு இடது கைக்குள்ளேயே ச-ப கிடைத்தால் கேட்க வேண்டுமா? அதைத் தட்டிக்கொண்டே வலது கையில் மோகனம் பாடிப் பார்க்கிறேன். தம்புராவைப் போல நின்று ஒலிக்காது, திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும் என்பதுதான் குறை.

இப்போது உங்கள் கேள்வி. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஈ மைனர் லூட் சூட்டிலிருந்து (அவர் படைப்புப் பட்டியலில் 996) போரே என்ற, இரண்டு மெட்டு ஒன்றாக ஓடும் நடனத் துண்டைச் சொல்லிக்கொடுத்தபோது, கீழ்க்குரலை மட்டும் தனியாகப் பாடச் சொன்னீர்கள். பாடினேன். வாசிக்கும்போது அது வரவில்லை, பலருக்கும் முழுசாக வருவதில்லை. இடது கைக்கு நாலு விரல்தான். சில இடங்களில் கீழே ஒரு நோட்டை அதன் முழு நீளத்துக்கும் பிடித்திருந்தால் மேலே அடுத்த நோட்டுக்கு விரல் எட்டாது. கீழ்க்குரலைக் கொஞ்சம் முன்னாலேயே விடுவோம், கேட்பவர் காது நிரப்பிக்கொள்ளும் என்று நம்புவோம். ஸ்டிக்கில் மேல்குரலுக்கு ஒரு கை, கீழ்க்குரலுக்கு ஒரு கை. ஒன்று மற்றதற்காக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

அது பியானோவிலும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பியானோவில் விரலுக்கும் கம்பிக்கும் நடுவே சுத்தியல் இருக்கிறது. அடித்தபின் அந்த நோட்டை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, விடலாம் அல்லது பிடித்திருக்கலாம். இங்கே என் விரல்தான் சுத்தியல், அதே விரல்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டும் இருக்கிறது. தட்டிய பிறகும் நோட்டு என் விரல் நுனியில் துடிக்கிறது. அசைக்கலாம், லேசாக வளைக்கலாம், ஜாரு கொடுத்து அடுத்த சுரத்துக்கு இழுத்துப் போகலாம். கம்பியைத் தொட்டு வளர்ந்தவனுக்கு இதை விட மனம் வராது மாஷே. பியானோ படிக்காததற்குக் காரணம் இவ்வளவுதான்.

போனதையும் சொல்லிவிடுகிறேன். கிடாரில் ஒரே நோட்டைக் கம்பி முடியும் பாலத்தருகே கறாராகவும் துளைமேல் குழைவாகவும் எடுப்போமே, அந்த நிறபேதம் இதில் மிகக் குறைவு. ஸ்பானியக் கிடார் மேதை தாரெகாவின் ட்ரெமோலோ, ஒரே நோட்டைப் படபடவென்று மீட்டுவது, இதில் கிடையவே கிடையாது; முயல்வதும் வீண். திறந்த கம்பியும் இல்லை. மேல்முனையில் கம்பிகளை அமுக்கி ஊமையாக்கி வைத்திருக்கிறார்கள், விரலை எடுத்த கணம் ஒலி நின்றுவிடும். ஆம்ப் இல்லாமல் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது, கரண்ட் போனால் கச்சேரி முடிந்தது. கம்பி அறுந்தால் பாலக்காட்டிலும் கிடைக்காது, கோயம்புத்தூரிலும் கிடைக்காது. அழகில் இரண்டில் எது பெரிது என்று கேட்டால் இன்னும் கிடார் என்றுதான் சொல்வேன்.

இன்னொரு சங்கடம், சிரிக்காதீர்கள். ஸ்டிக்கின் பின்னால் ஒரு கொக்கி உண்டு, அதை இடுப்பு பெல்ட்டில் மாட்டித் தோளில் பட்டை போட்டு நிமிர்த்தி வைத்துத்தான் வாசிக்க வேண்டும். வீட்டில் நான் வேட்டி. கடைசியில் அப்பாவின் பச்சை பெல்ட்டை வாங்கி வேட்டிமேல் கட்டி மாட்டினேன். அசையாமல் நிற்கிறது. பணப்பையில் கேபிள் வைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் சௌகரியம்.

போரேயின் பிரதி, நீங்கள் பென்சிலில் குறித்தது, என்னிடம்தான் இருக்கிறது. விரல் எண்கள் எதுவும் இங்கே உதவாது. ஆனால் வாக்கியம் முடியும் இடங்களில் மூச்சு விடச் சொல்லி நீங்கள் போட்ட சின்னக் கோடுகள் எல்லாம் அப்படியே பொருந்துகின்றன. இரண்டாம் பகுதியில் சில பார்களில் (தாளக் கட்டங்களில்), கிடாரில் எப்படியும் வராது என்றோ என்னவோ, கீழ்க்குரலுக்கு நீங்கள் கோடே போடவில்லை. இப்போது வருகிறது, எங்கே மூச்சு விடுவது என்றுதான் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரதியையும் ஸ்டிக்கையும் சின்ன ஆம்பையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். ஸ்விட்ச்போர்டு பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவன்