சீட்டு ஒன்று, சாம்பார் வேறு

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்பு மகளுக்கு,

ஓட்டலின் கடலூர்க் கிளை சாம்பார் ஒரு மாதிரி, பெங்களூரு கிளை சாம்பார் வேறு மாதிரி என்று மேலிடத்தில் கேட்டால், எடுத்த எடுப்பில் மாஸ்டர் மேல் பழி போடாதேம்மா. சென்ட்ரல் கிச்சனிலிருந்து பொடியும் அளவுச் சீட்டும்தான் ஒரே மாதிரி போகிறது. தண்ணீர், பால், காய்கறி எல்லாம் அந்தந்த ஊரில் வாங்குவதுதான்.

தண்ணீரில் தொடங்கு. நம் கடற்கரைப் பக்கம் பல ஆழ்துளைக் கிணறுகளில் உப்பும் கடினத்தன்மையும் சேர்ந்தே வரும். அந்தத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் துவரம்பருப்பிலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். பருப்பு வேகும், ஆனால் குழையாது. சாம்பாரில் தண்ணி தனி, பருப்பு தனி. மாஸ்டர் என்ன செய்வார்? ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுவார். பருப்பு குழைந்துவிடும், ஆனால் சோடா புளியின் புளிப்பைக் குறைத்துவிடும். அதைச் சரிக்கட்டக் கூடுதல் புளி, புளிக்குக் கூடுதல் உப்பு. சீட்டின் கதை அங்கேயே முடிந்தது. கோவையில் சிறுவாணித் தண்ணீர் ஊற்றுகிற கிளைக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பாதே, அது மொத்த உப்பைத்தான் காட்டும். கடினத்தன்மையைத் தனியாகச் சோதிக்கச் சொல். இந்தியக் குடிநீர்த் தரத்தில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம். இரண்டு கிளையும் குடிநீர்ச் சான்றிதழ் காட்டும், பருப்பு மட்டும் ஒரே மாதிரி வேகாது.

மாவுக்கு 'இரவு முழுக்கப் புளிக்க வை' என்று சீட்டில் எழுதினால் பயனில்லை. மே மாதம் இங்கே ஆறேழு மணி நேரத்தில் பொங்கி வழியும். டிசம்பரில் பெங்களூருவில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். மணியைப் பார்க்காமல், பாத்திரத்தில் கோடு போட்டு, மாவு இரட்டிப்பானதும் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல். உப்பைக் கரண்டியில் அளக்கவே விடாதே. ஒரு கரண்டி கல்லுப்பும் ஒரு கரண்டி தூளுப்பும் ஒரே எடை இல்லை.

காப்பி மாறுவது பெரும்பாலும் பாலால்தான். கடலூரில் ஆவின், முள்ளோடை எல்லையைத் தாண்டினால் புதுச்சேரியின் பாண்லே பால். பெயர் கூடப் பரவாயில்லை, சீட்டில் வெறும் 'பால்' என்றிருந்தால் ஒருவர் 3 சதவீதக் கொழுப்புள்ள பாக்கெட்டும் இன்னொருவர் 6 சதவீதமும் வாங்குவார். கொழுப்பு அளவைச் சீட்டில் எழுதிவிடு.

வடை எண்ணெய் 175 முதல் 180 டிகிரிக்குள் நிற்கட்டும். கூட்ட நேரத்தில் ஒரே ஈட்டில் நிறைய போட்டால் சூடு இறங்கி வடை எண்ணெய் குடிக்கும். அவ்வளவுதான் அதில்.

இத்தனைக்கும் மேலே ஒன்று உண்டு, அதை யாரும் எழுதி வைப்பதில்லை: எத்தனை நேரம் சூட்டில் நிற்கிறது என்பது. கூட்டமுள்ள கிளையில் ஓர் அண்டா சாம்பார் அரை மணியில் காலி. காற்றாடுகிற கிளையில் அதே அண்டா மூன்று மணி நேரம் சூட்டில் கிடக்கும். பெருங்காயமும் கொத்தமல்லியும் மணம் இழக்கும், தண்ணி வற்றி உப்பு ஏறும். அதனால் தாளிக்காத சாம்பாரை மொத்தமாக வைத்துக்கொண்டு, ஐந்து ஐந்து லிட்டராக எடுத்துத் தாளிக்கச் சொல். வற்றினால் பாத்திரத்துக் குறிவரை வெந்நீர் விடலாம், பச்சைத் தண்ணீர் கூடாது.

காரணத்தைப் பிடிக்க ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. 200 கிராம் பருப்பு, 600 மில்லி தண்ணீர், ஒரே குக்கர், ஒரே விசில். தண்ணீர் மட்டும் இரண்டு ஊருடையது. பிறகு ருசி. மூன்று டம்ளர் வை, இரண்டில் ஒரு கிளை, ஒன்றில் மற்றது, மூன்றும் ஒரே சூட்டில். எது வேறு என்று ஏழெட்டுப் பேரிடம் தனித்தனியாகக் கேள். மூன்றில் ஒருவர் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லிவிடுவார், அதை மனதில் வைத்துக்கொள். அதற்கு மேல் யாருக்கும் பிடிபடவில்லையென்றால், சாம்பாரை விட்டுவிட்டு அந்தக் கிளையின் சட்னியைப் பார்.

அன்புடன்,
அப்பா