பலகையில் நடந்தவர்களுக்கு நன்றி

மெய்நிகர் உலகத்துக்குள் நுழையும் மனித மனம் எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்வதையே வேலையாகக் கொண்டிருந்த நான், இம்மாத இறுதியில் உளவியல் துறையிலிருந்து பணி ஓய்வு பெறுகிறேன். பிரிவுபசார விழாவில் மேடையில் இருந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டேன்; மேடைக்கு அழைக்கப்படாதவர்களுக்காக இந்த மடல்.

முதலில், எங்கள் ஆய்வகத்துப் பலகையில் நடந்தவர்களுக்கு. கணினி உருவாக்கும் மெய்நிகர் உலகத்தைக் கண்முன் காட்டும் ஹெட்செட்டை மாட்டியதும் காலடியில் பெரும் பள்ளம் தெரியும். உண்மையில் தரையில் கிடந்தது ஒன்றரை அங்குல உயர மரப்பலகை மட்டுமே. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மீஹன் குழுவினர் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வைப் பின்பற்றியே இதை அமைத்தோம். அத்தகைய பலகையின் விளிம்பைக் கால் உணரும்போது இதயத் துடிப்பு மேலும் கூடுவதை அவர்கள் காட்டியிருந்தார்கள். பள்ளம் இல்லையென்று நன்றாகத் தெரிந்திருந்தும் நீங்கள் வியர்த்தீர்கள், சுவரைத் தேடிக் கைநீட்டினீர்கள். “எனக்குத் தெரியுது சார், காலுக்குத்தான் தெரியல” என்று ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் சொன்னதை ஆண்டுதோறும் முதல் வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். ‘அங்கே இருக்கிறேன்’ என்ற மயக்கமும் ‘இது நடக்கிறது’ என்ற மயக்கமும் வெவ்வேறு என்று மெய்நிகர் உலக ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர் 2009இல் பிரித்து எழுதியதை மாணவர்களுக்கு விளக்க, அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பலமுறை கைகொடுத்தது.

அடுத்தது, கேள்வித்தாளைத் தமிழாக்கித் தந்த தமிழாசிரியர் ஐயாவுக்கு. விமானம் ஓட்டுவது போன்றவற்றைப் பாவனையாகக் காட்டும் கருவிகளால் (சிமுலேட்டர்) வரும் உடல் உபாதைகளை அளக்க கென்னடியும் உடன்பணியாளர்களும் 1993இல் வெளியிட்ட அந்தக் கேள்வித்தாளில் 16 அறிகுறிகள் உண்டு. அவற்றுள் ஒன்று, குமட்டலுக்குச் சற்று முன்னே வயிற்றில் தோன்றும் சங்கடம். அதை ‘வயிற்று உணர்வு’ என்று நான் எழுதிக் காட்டியபோது, “பசியா, வலியா?” என்று ஐயா கேட்டார். பிறகு ஒரு மாலை முழுவதும் ‘வயிற்றைப் பிரட்டுதல்’, ‘தலைசுற்றல்’, ‘கிறுகிறுப்பு’, ‘தலைபாரம்’ ஆகியவற்றை எடைபோட்டு, கண்ணை மூடியபோது சுற்றுவதையும் திறந்திருக்கும்போது சுற்றுவதையும் கேட்பவர் குழம்பாதபடி பிரித்துத் தந்தார். ஊதியம் எதுவும் வாங்கவில்லை. இரண்டு டம்ளர் காபியோடு சரி. கட்டுரைகளில் அவருக்கு ஓர் அடிக்குறிப்புகூட நான் எழுதவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

கம்பியில்லாத கருவிகள் வருவதற்கு முன், நடப்பவர் காலில் சிக்காமல் கேபிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தவர் எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன். அந்த அறையில் ஒருவர்கூட விழவில்லை என்றால் அதற்கு அவருடைய கைகளே காரணம். யார் முகம் வெளுக்கிறது, யாரை உடனே நிறுத்தி உட்கார வைக்க வேண்டும் என்பதை எங்கள் எந்த அளவுகோலுக்கும் முன்னதாக அவர் கண்டுபிடித்துவிடுவார். ஆய்வு முறையியல் என்று நான் பாடம் நடத்தியதில் பாதி அவரிடம் கற்றதுதான்.

“வீடியோ கேமுக்கெல்லாம் நிதி தர முடியாது” என்று விண்ணப்பத்தைத் திருப்பிய ஒரு குழுவும் நினைவில் இருக்கிறது. தீக்காயம் பட்டவர்களுக்குப் புண்ணைச் சுத்தம் செய்யும்போது பனி நிறைந்த மெய்நிகர் உலகத்தில் கவனத்தைத் திருப்பி வலியைக் குறைக்கும் முறையை, உளவியலாளர் ஹண்டர் ஹாஃப்மன் அமெரிக்காவின் சியாட்டிலில் உருவாக்கியிருந்ததை எடுத்துச் சொல்லியும் பயனில்லை. அந்த ஆண்டு தன் சேமிப்பிலிருந்து கருவி வாங்கப் பணம் தந்த என் மனைவிக்கு என்ன எழுதினாலும் போதாது. அவள் பலகையில் இரண்டடி வைத்து, திட்டிக்கொண்டே இறங்கியவள்.

தமிழ்க் கேள்வித்தாள் துறை அலுவலகத்தில் இருக்கிறது. ஆய்வுக்கு வேண்டுவோர் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்; முதல் பக்கத்தில் ஐயாவின் பெயரை இப்போது சேர்த்திருக்கிறேன்.