எத்தனை தரம் வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மூதூரில் வீட்டில் இருந்தபடி தையல் வேலை செய்பவள் நான். போன கிழமை அயலில் ஒரு பிள்ளை முதல் தரம் கவுன்சலிங் போய் வந்து, "மாமி, நல்லா அழுதிட்டன், மனம் லேசாப் போச்சு, இனிப் போகத் தேவையில்லை" என்றாள். நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் கணவர் திருகோணமலையில் இருந்து பஸ்ஸில் வரும்போது மாரடைப்பு வந்து காலமானார். அந்தியேட்டி முடிந்து முதல் தடவை நான் பஸ் ஏறிய அன்று, கிண்ணியாப் பாலம் நெருங்க நெஞ்சு அடித்துக்கொண்டது, கை விறைத்தது, இந்த இடத்திலேயே உயிர் போகப்போகிறது என்று நினைத்தேன். ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள், இதயத்தில் ஒரு குறையும் இல்லை. கவுன்சலிங் போகச் சொன்னார்கள். மகன் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனான்.

முதல் நாள் எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். சுகம் வந்துவிட்டது என்று நினைத்து அடுத்த திகதிக்குப் போகவில்லை. மூன்று கிழமையில் பழையபடி. திரும்பப் போனால் அடுத்த திகதி ஆறு கிழமைக்குப் பிறகுதான். எங்கே விட்டோம் என்று எனக்கும் நினைவில்லை, கவுன்சலிங் செய்தவருக்கும் நினைவில்லை. அதற்கடுத்த தரம் அவர் இடமாற்றம் பெற்றுப் போயிருந்தார். புதியவருக்கு என் கணவர் செத்த கதையை மறுபடி முதலில் இருந்து சொன்னேன். வெளியே வாங்கில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தவள் நான், அவர்களின் வேலைப்பளு தெரியும். ஆனால் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது மருந்தில்லை, புண்ணைக் கிளறுவது.

பிறகு வேறொரு இடத்தில், கவுன்சலிங் செய்யும் மகள் வயதுப் பிள்ளை ஒருவர் முதல் நாளே ஒரு துண்டில் எழுதித் தந்தா. "அம்மா, ஆறு கிழமைக்கு ஒவ்வொரு வியாழனும் வாங்கோ. ஆறாம் நாள் ரெண்டு பேரும் இருந்து என்ன மாறியிருக்கு எண்டு பார்ப்பம். அநேகமா பன்னிரண்டு தரத்தில முடியும்." அந்தத் துண்டைத் தையல் மெஷின் மூடியில் ஒட்டி வைத்தேன். போய் வந்த ஒவ்வொரு வியாழனும் அதன் கீழ் துணிக்குப் போடும் சோக்கால் ஒரு கோடு.

ஏன் கிழமைக்கு ஒரு தரம் என்றால், வேலை நடப்பது அந்த ஐம்பது நிமிடத்தில் மட்டுமில்லை, இடையில் உள்ள நாட்களிலும்தான். முதல் கிழமை, நின்ற பஸ்ஸில் பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு வரவேண்டும். அடுத்தது ஒரு தரிப்பிடம், பிறகு மூன்று. பயம் ஏறும்போது பஸ்ஸை விட்டு இறங்கக்கூடாது, பயம் தானாகக் குறையும் மட்டும் இருக்க வேண்டும். பத்துக்கு எத்தனை பயம் என்று கொப்பியில் எழுதுவேன். ஒன்பதில் தொடங்கியது ஒரு நாள் நாலுக்கு வந்தது. ஐந்தாம் கிழமை பாலத்தைக் கடந்தேன். இடையில் ஆறு கிழமை விட்டிருந்தால் பயம் திரும்பவும் ஒன்பதில் ஏறி இருந்திருக்கும்.

எட்டாவது தரம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. நிறுத்துவோமா என்று கேட்டேன். ஒன்றும் இல்லாத நாளிலும் வாங்கோ என்றா. அன்றைக்குத்தான் யாருக்கும் சொல்லாத ஒன்று வாயில் வந்தது: கடைசி நாள் காலை கணவர் எனக்குப் போன் எடுத்தபோது, ஒருவருக்குச் சட்டை அளவு எடுத்துக்கொண்டிருந்தேன் என்று கட் பண்ணிவிட்டேன். அப்புறம் இரண்டு கிழமைக்கு ஒரு தரம், பிறகு மாதம் ஒரு தரம். மொத்தம் பதினான்கு.

எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் முறை ஒன்று கிழமைக்கு ஒரு தரமாக ஐந்து சந்திப்போடு முடிகிறது. எனக்கு வந்தது போன்ற பீதிக்கு, நான்கு மாதத்துக்குள் 7 முதல் 14 மணித்தியாலம் என்கிறது பிரித்தானிய வழிகாட்டி. 2004 சுனாமியையும் 2006 மூதூர்ச் சண்டையையும் இன்னும் நெஞ்சில் சுமப்பவர்களுக்கு இதைவிட அதிக காலம் வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. குளிசை வேறு விஷயம். அதை டொக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். இடையில் தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்குப் போன் எடுக்கலாம்.

கவுன்சலிங் நடத்துபவர்களிடம் கேட்பது இதுதான். முதல் மாதமாவது கிழமைக்கு ஒரு திகதி தாருங்கள். வெருகல், சம்பூர், குச்சவெளி போன்ற தூர இடத்து ஆட்களுக்கு ஒரு கிழமை நேரில் என்றால் மறு கிழமை போனில் பேசுங்கள். மாறிப் போகிறவர் எங்கள் கோப்பை வருகிறவருக்கு விளக்கிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். முதல் நாளே ஒரு துண்டில் இத்தனை தரம் என்று எழுதித் தாருங்கள். வீட்டில் ஒட்டி வைப்போம்.

தையல்காரி,
மூதூர், திருகோணமலை மாவட்டம்.